ராணிக் குவளையில் தவறான தேதி

சிரில் டாம்ஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வீட்டில், எந்தக் கடையில் தட்டு வைத்தாலும் அதைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் எந்தப் பட்டறையின் முத்திரை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். இங்கிலாந்தின் பீங்கான் ஊரான லாங்டனில் பிறந்தவர்கள் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. ஆனால் சிரில், கல்யாணம் ஆன மூன்றாம் நாள், கடற்கரை விடுதியில் குழம்பு ஊற்றிய தட்டையே தூக்கிப் பார்த்தவர். குழம்பு முழுக்க ஐவியின் புது கவுனில் வழிந்தது. நாற்பது வருஷம் ஆகப் போகிறது. இன்றைக்கும் ஐவி கோபம் வந்தால், "அன்னைக்கு முத்திரை நல்லா இருந்துச்சா?" என்று கேட்பாள்.

பதினாலு வயசில் பீங்கான் பட்டறையில் செப்புத் தகடு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் சிரில். தட்டிலும் குவளையிலும் பார்க்கிற பூ, கிளி, பாலம், ராஜா, ராணி எல்லாம் முதலில் செப்புத் தகட்டில் ஊசிமுனை உளியால் வெட்டப்பட்டவை. அந்தத் தகட்டில் மை தடவி, மெல்லிய தாளில் ஒற்றி, தாளைக் குவளைமேல் ஒட்டித் தேய்த்தால் படம் ஏறிவிடும். தாளை ஒட்டுவது பெண்கள் வேலை. ஐவி அதைத்தான் செய்தாள். சிரில் தகட்டில் நேராக வெட்டிய எழுத்து தாளில் இடம் வலம் மாறி விழும், ஐவி அதைக் குவளையில் ஒட்டி மறுபடி நேராக்குவாள். அப்படித்தான் ரெண்டு பேரும் பழகினார்கள்.

அரச குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் லாங்டனில் வேலை கூடிவிடும். முடிசூட்டு, கல்யாணம், பிள்ளை பிறப்பு, ஜூபிலி, எல்லாவற்றுக்கும் குவளை வேண்டும். 1977இல், அப்போது பட்டத்தில் இருந்த ராணிக்கு இருபத்தைந்தாம் வருஷ ஜூபிலி வந்தது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் முழுக்க சிரில் ராணியின் முகத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பியா?" என்றாள் ஐவி. உன் முகத்தைப் பார்த்து வெட்டினால் பட்டறையில் காசு கொடுக்க மாட்டார்கள் என்று சிரில் சொன்னார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

அவருடைய வாழ்க்கையில் ஒரு தப்பு உண்டு. பதினெட்டு வயசில், பழைய ராஜாவின் வெள்ளி ஜூபிலிக் குவளைக்குத் தகடு வெட்டும்போது, ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்தை ஒன்று கூட்டி வெட்டிவிட்டார். அவருக்கே தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஈலை மேச்சின்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்தார். தகட்டைத் திருப்பிப் பின்பக்கமாகச் சின்னச் சுத்தியலால் தட்டி, முன்பக்கம் எழும்பிய செம்பை வழித்து வழவழப்பாக்கி, சரியான எண்ணை வெட்டி வைத்துவிட்டார். மேஸ்திரி திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் சிரிலின் இறைச்சிப் பணியாரத்தை எடுத்து மேச்சின் சாப்பிட்டார், அதுதான் கூலி. ஒரு தொழிலாளி தப்புச் செய்தால் அடுத்த தொழிலாளி அதை மூடிவிட வேண்டும் என்பது அன்றைக்கு சிரில் மனசில் ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து பிறந்த ஒரே மகள் மௌரீன். அவளைப் பக்கத்து ஊரான ஃபென்டனில் லாரி ஓட்டும் கீத் கார்ட்லிஜுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கீத்தின் அம்மா ஹெட்டி கார்ட்லிஜ், புருஷனை இழந்தவள், நெட்டையான மனுஷி, கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. தனி வீடு கிடைக்கும் வரை மகளும் மருமகனும் ஹெட்டி வீட்டு மாடி அறையில்தான் இருந்தார்கள். ஏப்ரலில் அங்கேயே ஜூலி பிறந்தாள்.

அதன் பிறகு சிரிலைக் கையில் பிடிக்க முடியவில்லை. தினமும் வேலை விட்டு வரும்போது ரெண்டு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சம்பந்தி வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். ஹெட்டி கதவைத் திறந்ததும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பாள். செப்புத் தூளும் மையும் படிந்த கை. சமையலறைக் குழாயில் தேய்த்துக் கழுவிக் காட்டிய பிறகுதான் குழந்தையைக் கொடுப்பாள். கால் மணி நேரம் கணக்கு. அந்தக் கால் மணி நேரத்தில் சிரில் ஒன்றும் செய்யமாட்டார். குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். புதுப் பாலும் சோப்பும் கலந்த அந்த வாசனை வீட்டுக்கு வந்த பிறகும் சட்டையில் இருக்கிறதா என்று மோந்து பார்ப்பார். அவருடைய சுண்டு விரலை அவள் பிடித்தால் விடவே மாட்டாள். நாற்பத்தாறு வருஷம் உளி பிடித்த விரல், ரெண்டு மாசக் குழந்தையிடம் சிறைப்பட்டுக் கிடக்கும். "எறும்பு கவ்வுற மாதிரி பிடிக்கிறா, ஐவி" என்று வீட்டில் வந்து சொல்வார். ஐவிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முறை. அவளுக்கு ஒரே பொறாமை.

இந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இன்னும் 'மிஸ்டர் டாம்ஸ்', 'மிஸஸ் கார்ட்லிஜ்' என்றுதான் பேச்சு. ஹெட்டிக்கு மருமகளின் அப்பா மேல் மரியாதை உண்டு, நெருக்கம் கிடையாது. கதவு அவளுடையது. அது சிரிலுக்கு நன்றாகத் தெரியும்.

மே மாதக் கடைசியில் கீத் ஒரு பழைய பனியனில் சுற்றி எதையோ சிரில் வீட்டுக்குக் கொண்டு வந்து சமையலறை மேஜையில் வைத்தான். பிரித்தால் ஒரு குவளை. விக்டோரியா ராணியின் முடிசூட்டுக் குவளை, நூற்று நாற்பது வருஷப் பழசு. மெல்லிய வெள்ளை உடம்பு, ஊதா மையில் படம், ரெண்டு பக்கமும் இளம் ராணியின் முகம், நடுவில் கிரீடம், கீழே பிறந்த தேதியும் பட்டத்துக்கு வந்த தேதியும். ஜூலிக்கு ஞானஸ்நானம் செய்யும் கிறிஸ்டனிங் விருந்துக்கு எடுத்துக் கழுவும்போது அம்மா கைதவறிப் போட்டுவிட்டாள், பிடி ரெண்டு துண்டு, பக்கவாட்டில் ஒரு சின்னச் சில்லு, ஜூன் பன்னிரண்டாம் தேதிக்குள் ஒட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, லாரியை நடுரோட்டில் விட்டிருப்பதாகச் சொல்லி ஓடிவிட்டான். கீத் வாயிலிருந்து ஒரே நாளில் இவ்வளவு வார்த்தை வந்ததே பெரிசு என்றாள் ஐவி.

உடைந்த பீங்கானை ஒட்டுவது சிரிலுக்குக் கைவந்த வேலை. தெருவில் யார் வீட்டு ஜாடி உடைந்தாலும் அவரிடம்தான் வரும். காசு வாங்கமாட்டார். ஜன்னலோரம் மேஜை, பல் டாக்டர் ஒருவர் தூக்கிப்போட்ட துளைக் கருவி, அரால்டைட் பசை, வெள்ளைப் பொடி, நாலு மயிர்த் தூரிகை. அவ்வளவுதான் அவருடைய கடை.

முதல் சனிக்கிழமை பிடியை ஒட்டினார். அடுத்த நாள் சில்லுக்கு வந்தார். சுண்டு விரல் நகம் அளவுக்கு மேல்பூச்சு பெயர்ந்து, அதோடு அச்சும் போயிருந்தது. போன துண்டைப் பனியனில் தேடினார், இல்லை. பொடியும் பசையும் குழைத்துக் குழியை நிரப்பிவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தைப் படித்தார். பிறந்த தேதியில்தான் அடி விழுந்திருந்தது. 'மே' என்று இருக்கிறது, வருஷம் இருக்கிறது, தேதியில் முதல் எண் இரண்டு இருக்கிறது. அடுத்த எண் போய்விட்டது. போய்விட்டது என்றால் முழுசாக இல்லை. குழியின் மேல் விளிம்பில் ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது. மயிரிழைத் தடிமனில் ஒரு படுக்கைக் கோடு.

சிரில் அதைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். படுக்கைக் கோட்டோடு தொடங்குகிற எண் நாலு கிடையாது. இடது நுனி கீழே திரும்பியிருப்பதால் ஏழும் கிடையாது, அது ஐந்து.

விக்டோரியா ராணி பிறந்தது மே இருபத்து நாலு. சிரில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வருஷா வருஷம் மே இருபத்து நாலு அன்று கொடியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்து, பாட்டுப் பாடி, பன் வாங்கித் தின்றுவிட்டு அரை நாள் விடுமுறையில் வீட்டுக்கு வருவார்கள். லாங்டனில் தன் பிறந்த நாளை மறந்தவன் இருப்பான், அந்தத் தேதியை மறந்தவன் இருக்க மாட்டான்.

ஆக, எவனோ ஒரு தகட்டுக்காரன் தப்பாக வெட்டியிருக்கிறான். நூற்று நாற்பது வருஷமாக அந்தத் தப்பு அப்படியே நிற்கிறது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஈலை மேச்சின் இருக்கவில்லை. சிரிலுக்கு முகம் தெரியாத அந்த ஆள்மேல் பாவமாக இருந்தது. அடி சரியாக அந்த எண்ணின் மேலேயே விழுந்திருக்கிறதே, இதை விட்டால் வேறு எப்போது என்று தோன்றியது. துளைக் கருவியை எடுத்து அந்தப் படுக்கைக் கோட்டைத் தேய்த்து எடுத்தார். மூன்று நொடி வேலை. குழியைச் சமன் செய்து, ஊதாச் சாயம் கலந்து, பக்கத்து எண் இரண்டுக்கு இணையாக ஒரு நாலு போட்டார். மேலே மினுக்கு அடித்தார். எது பழசு, எது புதுசு என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது விசில் அடித்தார். என்ன விஷயம் என்று ஐவி கேட்டதற்கு, ஒருத்தனுக்கு ஒரு உதவி செய்தேன் என்று மட்டும் சொன்னார்.

ஜூபிலி முடிந்தது. தெருவில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் நனைந்து சாயம் ஒழுகிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் மௌரீன் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு குவளையை வாங்கிப் போக வந்தாள். சிரில் குவளையை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிக் காட்டினார். மகள் பிடியைத் தடவிப் பார்த்து அசந்து போனாள். அப்புறம் குனிந்து எழுத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்பா, இதுல அஞ்சு எங்கப்பா?"

எந்த அஞ்சு என்று சிரில் கேட்டார்.

"இருபத்தஞ்சுல அஞ்சு. அதுக்காகத்தான் இந்தக் குவளையே வெச்சிருக்காங்க."

மௌரீனுக்கே அந்த வாரம்தான் தெரிந்திருக்கிறது. கார்ட்லிஜ் வீட்டில் அந்தக் கதையைக் கிறிஸ்டனிங் மேஜையில்தான் சொல்வார்கள். மற்ற நாளில் வாயைத் திறக்கமாட்டார்கள், சொன்னால் குழந்தைக்கு ஆகாது என்று நம்பிக்கை. கீத் பொறுக்க முடியாமல் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

கீத்தின் கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா ஈனாக் கார்ட்லிஜ், செப்புத் தகட்டில் எழுத்து வெட்டும் வேலைக்காரர். முகத்தைப் பெரிய கைக்காரர்கள் வெட்டுவார்கள், எழுத்து மட்டும் ஈனாக்குக்கு. முடிசூட்டுக் குவளைக்கு அவர்தான் தேதி வெட்டினார், அதில் நாலுக்குப் பதில் ஐந்து விழுந்துவிட்டது. சூளையிலிருந்து முதல் சுமை வெளியே வந்து, குவளைகளை அடுக்கி வைத்த பிறகுதான் முதலாளி கண்ணில் பட்டது. அத்தனையையும் ஈனாக் கையாலேயே உடைக்க வைத்தார். பட்டறை முற்றத்தில் எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து உடைத்தாராம். அன்றோடு உளி வேலை போனது. வேறு எந்தப் பட்டறையும் எடுக்கவில்லை. சாகும் வரை சூளைக்குக் கரி தள்ளினார். அவர் பெண்டாட்டி இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணிக்குள் மறைத்து எடுத்து வந்தது இந்த ஒரு குவளை. அதிலிருந்து கார்ட்லிஜ் வீட்டில் குழந்தை பிறந்தால், கோயிலிலிருந்து திரும்பியதும் வீட்டில் மூத்தவர் அந்தக் கதையைச் சொல்லி, குழந்தையின் விரலைப் பிடித்து அந்த ஐந்தின் மேல் வைப்பார். "இது நம்ம வீட்டுத் தப்பு" என்பார். அப்புறம்தான் கேக் வெட்டுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஜூலி விரலை அத்தை அதுமேலதான் வைப்பாங்க" என்றாள் மௌரீன்.

சிரில் நாற்காலியில் உட்கார்ந்தார். தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் அதைத் தூக்கவில்லை.

ஐவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, நாலை அழித்துவிட்டு ஐந்தைப் போடு, போட்டு வாயை மூடிக்கொள் என்றாள். மௌரீனுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. குவளை இன்னும் காயவில்லை, சனிக்கிழமை அப்பாவே கொண்டு வருவார் என்று மாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிரில் சாப்பிடவில்லை. காகிதத்தில் ஐந்து போட்டார். வயிறு பெருத்த ஐந்து, கழுத்து நீண்ட ஐந்து, தொப்பி சாய்ந்த ஐந்து. ஒரு தாள் முழுக்கப் போட்டார். தகட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் எண் ஒரு மாதிரி, மூக்கும் முழியும் போல. எந்த எண்ணைப் பார்த்தாலும் இது இன்னார் கை என்று இங்கே உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். ஈனாக்கின் ஐந்து எப்படி இருக்கும்? பட்டத்துக்கு வந்த தேதியில் ஐந்து கிடையாது. வருஷங்களிலும் கிடையாது. குவளை முழுக்க இருந்தது ஒரே ஒரு ஐந்து. அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டையும் அவரே தேய்த்துத் தூளாக்கி, வாயால் ஊதிவிட்டார்.

மற்ற எண்களைப் பார்த்து ஊகித்துப் போடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஹெட்டிக்குக் கண்ணும் சரியில்லை. ஆனால் ஜூலியின் விரல் படுகிற இடத்தில் இருப்பது சிரில் டாம்ஸின் ஐந்தாக இருக்கும். ஈனாக்கின் தப்பு என்று சொல்லிக் குழந்தைக்கு அவர் போட்ட பொம்மையைக் காட்டுவார்கள். அதற்கு அடுத்த குழந்தைக்கும் அதையே காட்டுவார்கள். அவர் அந்த மேஜையில் உட்கார்ந்து கேக் தின்ன வேண்டும்.

சாயங்காலம் ஃபென்டனில் இறங்காமல் நேராக வீட்டுக்கு வந்தார். சாயம் கரைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து நாலைத் துடைத்து எடுத்தார். வெள்ளையாக ஒரு இடம் மிஞ்சியது. தூரிகையைத் தொடவில்லை.

ஐவிக்குப் புரிந்துவிட்டது. "ஊருக்கு உண்மையைச் சொல்ல நீ என்ன பாதிரியாரா? அவ கதவைச் சாத்திட்டா புள்ளய எங்க போய்ப் பாப்ப? மௌரீன் அந்த வீட்ல எப்படி இருப்பா?"

அதுதான் தனக்கும் பயம் என்று சிரில் சொன்னார். பயமாக இருந்தால் போடேன் என்றாள். போட வரவில்லை என்றார். ஐவி ஓட்ஸ் தோசை சுட்டு, பாலாடைக்கட்டியும் பன்றிக்கறியும் வைத்துச் சுருட்டி அவர் முன் வைத்தாள். சிரில் அதைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

சனிக்கிழமை மத்தியானம் ஹெட்டி சமையலறையில் நாளைய விருந்துக்கு இறைச்சித் துண்டம் வெட்டிக்கொண்டிருந்தாள். மௌரீன் மாடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரில் குவளையை மேஜைமேல் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஹெட்டி கையைத் துடைத்துக்கொண்டு, குவளையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், பிடியைப் பார்த்தாள். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். மண்ணைத் தட்டியது போல் சத்தம் வந்தது. ஒட்டின குவளை பழைய மாதிரி பாடாது, அது அவளுக்கும் தெரிந்ததுதான். அப்புறம் கட்டைவிரலால் எழுத்தைத் தடவினாள். கண் தெரியாதவர்கள் தடவுகிற மாதிரி, மெதுவாக. விரல் ஓரிடத்தில் நின்றது.

"கைதவறிப் போட்டு உடைச்சப்ப என் கண்ணுக்கு எங்க அடின்னு தெரியல" என்றாள். "இங்கதானா?"

"இங்கதான், மிஸஸ் கார்ட்லிஜ். ஆனா எண் முழுசா உடைஞ்சு போகல. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதை நான்தான் எடுத்தேன்."

ஹெட்டி கட்டைவிரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. சிரில் சொல்லத் தொடங்கியதை முடிக்க வேண்டியதாயிற்று. கோட்டைப் பார்த்ததையும், ஐந்து என்று தெரிந்துகொண்டதையும், தெரிந்தே தேய்த்ததையும், நாலு போட்டதையும், அதை அழித்ததையும் வரிசையாகச் சொன்னார். தன் தொழில்காரன் ஒருவன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன் என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

"திரும்ப அஞ்சு போட உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். என்னோட அஞ்சுதான் வரும். அவரோடது வராது."

ஹெட்டி குவளையைக் கீழே வைத்தாள். கத்தியை எடுத்து இறைச்சி வெட்டினாள். நாலு துண்டு வெட்டிய பிறகு பேசினாள்.

"அவர் தெரியாம ஒரு தப்புப் பண்ணார், மிஸ்டர் டாம்ஸ். அதுக்கு அத்தன பேர் முன்னாடி அவர் கையாலயே எல்லாத்தையும் உடைக்க வெச்சாங்க. மிச்சம் இருந்தது இந்த ஒண்ணு. நீங்க தெரிஞ்சே பண்ணிருக்கீங்க. அந்த முதலாளி உடைக்காம விட்டதை நீங்க வந்து உடைச்சிட்டீங்க."

சிரில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். மாடியில் குழந்தை சிணுங்கியது. போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. ஹெட்டியும் சொல்லவில்லை.

மௌரீனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவளை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் யாரை என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றாள் ஹெட்டி.

"நாளைக்கு நாங்க வரலாமா?" என்றார்.

"வராம இருந்து பாருங்க" என்றாள். அது வா என்று அர்த்தமா, வந்தால் இருக்கிறது உனக்கு என்று அர்த்தமா, வீடு போய்ச் சேரும் வரை சிரிலுக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜூலி அழவில்லை. பாதிரியார் தலையில் தண்ணீர் விட்டபோது நாக்கை நீட்டி அதை ருசி பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிலும் சிரித்தார், ஆனால் உடனே முகத்தைச் சுருக்கிக்கொண்டார். இதுதான் கடைசியாகப் பக்கத்திலிருந்து பார்ப்பதாக இருக்குமோ என்று நினைத்து, குழந்தையின் காதுமடல் எப்படி மடிந்திருக்கிறது என்றுகூட உற்றுப் பார்த்து வைத்துக்கொண்டார்.

விருந்து கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட அறையில். கார்ட்லிஜ் வகையறா முப்பது பேருக்குக் குறையாது. நீள மேஜையில் இறைச்சித் துண்டம், டப்பா மீன் வைத்த ரொட்டி, ஊறப்போட்ட வெங்காயம், பெரிய பாத்திரத்தில் டீ. சிரிலும் ஐவியும் கதவோரமாக உட்கார்ந்தார்கள். ஐவி ஒரு ரொட்டித் துண்டை எடுத்துப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைக் கவிழ்த்துப் பார்க்க சிரிலுக்கு நினைவே இல்லை.

ஹெட்டி எழுந்தாள். பையிலிருந்து குவளையை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். அறை அடங்கியது. அவள் ஈனாக்கின் கதையைச் சொன்னாள். மௌரீன் சொன்னதைவிட நீளமாக, சுவரில் ஒவ்வொரு குவளையும் உடைகிற சத்தம் கேட்கிற மாதிரி சொன்னாள். முப்பது பேருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் யாரும் மென்று தின்னக்கூட இல்லை. கதை முடிந்ததும் மௌரீனிடமிருந்து குழந்தையை வாங்கி, அதன் சுட்டு விரலைப் பிரித்து, குவளைமேல் அந்த வெள்ளை இடத்தில் வைத்தாள்.

"இங்க ஒரு அஞ்சு இருந்துச்சு" என்றாள். "நூத்தி நாப்பது வருஷம் இருந்துச்சு. நான் பொறந்தப்ப என் விரலை இதுல வைக்கல, நான் கட்டிக்கிட்டு வந்தவ. கீத்து விரலை வெச்சோம். போன மாசம் நான் கீழ போட்டேன். மிச்சத்தை இந்தப் புள்ளயோட அம்மாவைப் பெத்தவர் தேய்ச்சு எடுத்துட்டார். ஈனாக் மேல இரக்கப்பட்டு எடுத்தாராம்."

மேஜையின் மறுகோடியில் கீத்தின் பெரியப்பா வில்ஃப்ரெட் காதில் கையை வைத்துக்கொண்டு, "யாரு எடுத்தது?" என்று கேட்டார்.

"எழுந்து நில்லுங்க, மிஸ்டர் டாம்ஸ்."

சிரில் எழுந்து நின்றார். முழங்கால் மேஜையில் இடித்து டீ தளும்பியது. அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது. மௌரீன் தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ ஒரு பெண், இவ்வளவு தைரியமா என்று பக்கத்தில் சொன்னது கேட்டது. யாரோ அடக்கிச் சிரித்ததும் கேட்டது.

"பேரு சிரில் டாம்ஸ்" என்றாள் ஹெட்டி. "தகட்டுக்காரர். நல்ல கைக்காரர். நெனச்சிருந்தா ஒரு அஞ்சு போட்டு என் கண்ணைக் கட்டியிருக்கலாம், போடல. இந்த எடம் இனிமே இப்படியே இருக்கட்டும். நான் போன பிறகு இந்தக் கதையைச் சொல்றவங்க ஈனாக் பேரைச் சொல்லி முடிச்சதும், இவர் பேரையும் சொல்லணும். ரெண்டையும் சேர்த்துதான் இனிமே நம்ம வீட்டுத் தப்பு."

ஐவி அவர் கோட்டு நுனியைப் பிடித்து உட்கார் என்று இழுத்தாள். சிரில் உட்காரவில்லை. ஹெட்டி உட்காரச் சொல்லவில்லை, தானாக உட்காருவது சரியில்லை என்று பட்டது. காது ரெண்டும் சுட்டது. மன்னித்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"நின்னுட்டே இருந்தா எப்படி?" என்றாள் ஹெட்டி. "வந்து புள்ளய வாங்குங்க. நான் கேக் வெட்டணும்."

அத்தனை நாற்காலிகளுக்கும் பின்னால் சுற்றிக்கொண்டு போய் அவர் குழந்தையை வாங்கினார். ஹெட்டி கத்தியை எடுத்துக்கொண்டு கேக் பக்கம் திரும்பிவிட்டாள். குவளை அவருக்கு முன்னால், மேஜைமேல் தனியாக இருந்தது. அந்த இடத்தைவிட்டு நகரலாமா கூடாதா என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

கார்ட்லிஜ் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். முதலில் குனிந்து குவளையில் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஏழெட்டு வயசுச் சிறுமி ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள்.

"நீங்கதானா அது?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு" என்றார் சிரில். "நான்தான்."